பாண் எங்கிருந்து வந்தது?

இலங்கையில் நாம் பாண் என்று சொல்கிற பிரெட்டை ஜப்பானியர்களும் 'பான்' என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஒரு வரியை வைத்து 'ஜப்பானிய மொழிக்குத் தாய் தமிழே' என்று ஒரு செய்தி எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அனுப்பியவர் எனக்குச் சித்தப்பா முறை. தமிழ் மேல் அவருக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியும், அதை மதிக்கிறேன். ஆனாலும் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. உண்மையில் நடந்தது இதைவிட நல்ல கதை. அதில் நம்முடைய கொழும்பும் இருக்கிறது.

பாண் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். அவர்கள் வாயில் அதன் கடைசி உயிரொலி பாதி மூக்கால் வரும். அந்த மூக்கொலியைத்தான் நாம் ண் போட்டு முடித்துக்கொண்டோம். சட்டைப் பொத்தானின் கடைசி ன் வந்ததும் அதே வழியில்தான். அவர்கள் கொழும்புக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த 1505. ஜப்பானின் தனேகாஷிமா தீவில் கரையேறியது 1543. 1639இல் ஜப்பான் அவர்களை வெளியேற்றியது. 1656இல் ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையைப் பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் ஆட்கள் போய்விட்டார்கள், சொல் போகவில்லை. மும்பையில் அது பாவ் ஆனது, பாவ் பாஜியின் பாவ் இதுதான். கிழக்குத் தீமோரில் பவுன். ஜப்பானிய மொழியிலிருந்து கொரியாவுக்குப் போய் அங்கே பாங் ஆனது. ஆக, ஜப்பானியரும் நாமும் ஒரே சொல்லைச் சொல்வது உண்மைதான். அவர்கள் அதை நம்மிடம் வாங்கவில்லை, நாம் அவர்களிடம் வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் அது வந்தது ஒரே நாட்டுக் கப்பல்காரரிடமிருந்து.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருப்பதாக நிறைய எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாண் அந்தக் கணக்கில் சேரவே சேராது.

சரி, ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று வைத்துக்கொண்டால் எங்கே போய் நிற்போம்? போலந்துக்காரருக்குப் 'பான்' என்றால் ஐயா, கனவான். பழைய கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம். இந்தியில் பான் வெற்றிலை, இலை என்று பொருள்படும் 'பர்ண' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் பான் ஒரு சமையல் பாத்திரம். அதைக் கேட்டவுடன் நமக்குப் பானை ஞாபகம் வரும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. நம்முடைய சங்கத் தமிழிலேயே பாண் உண்டு. பாட்டு, பாணர் குலம் என்று பொருள். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகளின் பெயருக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்ததாகச் சொல்லும் கதையில் யாழ் வாசித்தவரும் ஒரு பாணர்தான். அதற்காகப் பேக்கரியில் வேலை செய்கிறவரைப் பாணர் என்று சொல்ல முடியுமா?

உலகத்தில் ஏறக்குறைய 7000 மொழிகள். மனித வாய்க்கு வசதியான ஒலிகளோ கொஞ்சம்தான். ப, ஆ, ன மூன்றும் மிகச் சாதாரண ஒலிகள், எந்தக் குழந்தைக்கும் வரும். இவ்வளவு சின்னச் சொல் பல மொழிகளில் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. ஒலியும் பொருளும் இப்படிப் பொருந்தியும், அவை ஒன்றுக்கொன்று உறவில்லாத சொற்கள்.

உண்மையான உறவு வேறு மாதிரி இருக்கும். கன்னடத்தைப் பாருங்கள். நமக்குப் பால், அவர்களுக்கு ஹாலு. பல் ஹல்லு. புலி ஹுலி. பூ ஹூ. பத்து ஹத்து. ஒலி அப்படியே இல்லை, மாறித்தான் இருக்கிறது. ஆனால் சொல்லுக்குச் சொல் ஒரே விதமாக மாறியிருக்கிறது. மொழிகளை ஒரே குடும்பம் என்று சொல்ல வைப்பது இந்த ஒழுங்குதான். இதைத் தெரிந்துகொள்ளும்போது வருகிற சந்தோஷம் எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கடன் வாங்கிய சொல்லையும் கண்டுபிடிக்கலாம், அது தனியாக வராது. எங்கள் வீட்டுக் குசினிக்குள் போனாலே போதும். குசினி என்பதே போர்த்துக்கேயம். பொரிக்கிற தாச்சி, கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிஸ், மேசை, கதிரை, பக்கத்து அறை அலுமாரி, அதற்குள் மடித்து வைத்த லேஞ்சி, வாசலில் கழற்றிய சப்பாத்து, எல்லாம் அதே கப்பலில் வந்தவை. பக்கத்துச் சிங்கள வீட்டிலும் இவையேதான், குஸ்ஸிய, தாச்சிய, பீரிசிய, மேசய, அல்மாரிய, சபத்து என்று. இத்தனை சொந்தக்காரரோடு நிற்கிற பாணைத் தனியே பிடித்து இழுத்துச் சங்க காலத்தில் கொண்டுபோய் விடுவது அநியாயம். பாணுக்கு வேறு சொந்தமும் இருக்கிறது. இலத்தீனில் பாணுக்குப் 'பானிஸ்'. ஒன்றாகப் பாண் பகிர்ந்து சாப்பிடுகிறவர் 'கொம்பானியோ', அதாவது கூட்டாளி. நாம் தினமும் சொல்கிற கம்பனி அங்கிருந்து பிறந்ததுதான்.

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் பின்னேரம் நாலு மணி தாண்டினால் சூன் பாண் முச்சக்கர வண்டி வரும். பேதோவனின் பியானோ இசை ஒன்று கீச்சுக் குரலில் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ், முக்கோணமாக மடித்த மாலு பாண். மாடியிலிருந்து ஒரு அன்ரி "மல்லி, பான் தெகக்" (தம்பி, பாண் இரண்டு) என்று சிங்களத்தில் கேட்டு இரண்டு விரலைக் காட்டுவார். கீழே நிற்கிற தம்பி "சூடா இருக்கு அன்ரி, இறங்கி வாங்க" என்று தமிழில் பதில் சொல்வார். மாலு பாணில் மாலு சிங்களம், மீன் என்று பொருள். பாண் போர்த்துக்கேயம். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் என்று யாரும் அதைத் தங்களுடையது இல்லை என்று சொன்னதை நான் கேட்டதில்லை. அதற்கு வேண்டிய கோதுமைகூட இந்தத் தீவில் விளைவதில்லை, இன்றைக்கும் கப்பலில்தான் வருகிறது.

இன்னொரு பக்கமும் எனக்கு மனவருத்தம் உண்டு. பாண் தமிழ் இல்லை என்று தெரிந்ததும் அதைத் துரத்தப் பார்க்கிறவர்கள். வடக்கில் பேக்கரிகளுக்கு வெதுப்பகம் என்று பலகை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகான சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளே போய் நாம் கேட்பது ஒரு இறாத்தல் பாண்தான். சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் பாண் என்று எழுதினால் 'ரொட்டி என்று மாற்றுங்கள், அதுதான் நல்ல தமிழ்' என்று திருத்துகிறார்கள். என் கையெழுத்துப் படியிலும் ஒருவர் அப்படிச் சிவப்பு மையால் வெட்டினார். கொழும்புப் பிள்ளைக்கு ரொட்டி என்றால் தேங்காய்ப் பூப் போட்டுத் தட்டிச் சுட்டது, கட்டைச் சம்பலோடு சாப்பிடுவது. பாண் உப்பி எழும்பியது, பிய்த்துப் பருப்பில் தோய்ப்பது. இரண்டும் வேறு வேறு சாப்பாடு. அதுவும் ரொட்டி என்பதே வடக்கேயிருந்து வந்த சொல்தானே? நானூறு வருடத்துக்கு மேல் நம் நாக்கில் இருக்கிற சொல்லுக்கு ஈழத்தமிழில் இடமில்லை என்றால், அப்புறம் எந்தச் சொல்லுக்கு இடம்?

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ மலையகத்திலோ உங்கள் வீட்டில் வயதான அம்மம்மா, அப்பம்மா இருந்தால், குசினியில் அவர்கள் சொல்கிற பழைய சொற்களைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். பாண் வகைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். அச்சுப் பாணுக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கிறதா என்று எனக்குக் கட்டாயம் தெரியவேண்டும்.