குடிசைக்குக் கட்டம் இல்லாத படிவம்

டைம்லைனில் மறுபடியும் அதே மாதிரிப் படம். மலைக்கிராமம், பின்னால் பேனர், அரிசி மூட்டை கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார், வாங்குகிற பாட்டி மூட்டையைப் பார்க்கிறார். யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு இதைத் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. நானும் இப்படி நிறைய எடுத்தவன்தான்.

2018 மழைக்காலத்தில் ஓர் உதவி அமைப்புக்காகப் படம் எடுக்கவும் அறிக்கை எழுதவும் மியான்மரின் மேற்கு மலைப்பகுதியான சின் மாநிலம் போனேன். பக்கோக்குவரை பஸ், அப்புறம் மின்தாட் மலை ஏற்றம், அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் மோட்டார் சைக்கிள், மிச்சம் நடை. ஊர்க்காரர்கள் சின் மொழியில் சொல்ல, ஒருவர் அதைப் பர்மியத்தில் சொல்ல, நான் ஆங்கிலப் படிவத்தை நிரப்புவேன். இரவு எங்கே தூங்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி. பலர் சொன்ன பதில் 'தவுங்யா தே'. தவுங்யா என்றால் சரிவில் காட்டை வெட்டி எரித்து மக்காச்சோளமும் சிறுதானியமும் போடுகிற நிலம். தே என்றால் குடிசை. படிவத்தில் குடிசைக்குக் கட்டம் இல்லை. சரி என்று 'வீடு' கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன்.

அந்த ஊர் மலேரியா தன்னார்வலரை எல்லாரும் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆண் என்றால் சயா. அவரிடம் ஓரம் நனைந்து காய்ந்த ஒரு பள்ளிக்கூட நோட்டு. தேதி, வயது, விரல்நுனி ரத்தச் சோதனை முடிவு, மூன்று நாள் மாத்திரைக்கு மூன்று புள்ளி. பல வரிகளில் மூன்றாவது புள்ளி இல்லை. "காய்ச்சல் விட்டதும் களை எடுக்கப் போய்விடுகிறார்கள், சயா" என்றார். கடைசிக் கட்டத்தை அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்திருந்தார்: எந்தக் குடிசை.

ஆடி, ஆவணியில் களை மண்டும்போது குடும்பமே வாரக்கணக்கில் அங்கேதான். அரைச் சுவர், கதவு கிடையாது. காட்டோரக் கொசு பொழுது சாயும்போதே கடிக்கத் தொடங்கிவிடும். கொசுவலையோ இரண்டு பேருக்கு ஒன்று என்று வந்து ஊர் வீட்டில் அழகாகத் தொங்குகிறது. அதையும் படம் எடுத்தேன், வேறென்ன!

யாங்கோன் பக்கத்துத் துவாந்தேக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "தாத்தா நெல்லுக்குக் காவல் போவாரே, அந்தக் குடிசை மாதிரியா?" என்றவர் சும்மா இருக்காமல், "அதைப் போய் வீடுன்னு எழுதினியாடா?" என்றார்.

அறிக்கையில் சுகாதாரம் ஓர் அத்தியாயம், விவசாயம் இன்னோர் அத்தியாயம், இரண்டுக்கும் தனித்தனி நிதி. களை எடுப்பதும் காய்ச்சலில் படுப்பதும் ஒரே ஆள் என்பது எந்தப் பக்கத்திலும் வரவில்லை. ஒரு கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, படிவம் வெளிநாட்டில் முடிவானது, மாற்ற முடியாது என்றார்கள். அச்சான அறிக்கை அந்த ஊருக்குப் போகவே இல்லை. போயிருந்தால் சயாமா ஐந்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்திருப்பார்.

மலைக்குப் போகிறவர்கள் கேமராவை எடுக்கும் முன் இப்படி ஒரு நோட்டு ஊரில் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுதியதை அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டிவிட்டு மலை இறங்குங்கள். 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே ஒருவர் முகத்தையோ ஊர் பெயரையோ போடுவது அவர்களை மாட்டிவிடுகிற காரியம். சயாமாவின் நோட்டில் அப்போதே பெயர் கிடையாது, வயதும் குடிசையும்தான்.