மீட்டிங்குக்குச் செய்த ஸ்லைடு மூன்றாம் வகுப்புக்கு எதற்கு?

தொடக்கப் பள்ளிக்கென்று கைமாறி வரும் பவர்பாயிண்ட் (பிபிடி) ஃபைல்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே சாயல்தான். மேலே தலைப்பு, கீழே நாலு புல்லட், ஓரத்தில் ஓயாமல் சிறகடிக்கும் ஒரு பட்டாம்பூச்சி, கடைசியில் 'நன்றி' என்று ஒரு ஸ்லைடு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு நன்றி என்று யாரும் கேட்பதில்லை.

பவர்பாயிண்ட் 1987-ல் மேக்கிண்டாஷ் கணினிக்காக வெளிவந்தபோது, அலுவலகக் கூட்டங்களில் ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் வைக்கும் தாள்களைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அந்தப் பழக்கம் இன்றும் அதன் டெம்ப்ளேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ஸ்லைடு போட்டதும் தலைப்புக்கு ஒரு பெட்டி, விவரத்துக்கு ஒரு பெட்டி. பெட்டி காலியாக இருக்கிறதே என்று நிரப்ப ஆரம்பித்தால் பாடம் சொற்பொழிவாகிவிடும். ஆகவே லேஅவுட்டில் 'பிளாங்க்' என்பதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். பாதி வியாதி அங்கேயே தீரும்.

எத்தனை ஸ்லைடு போடலாம் என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எண்ணுகிறார்களா, ஊகிக்கிறார்களா, சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுகிறார்களா, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கிறார்களா? ஒன்றுமே இல்லையென்றால் அந்த ஸ்லைடை எடுத்துவிட்டு வாயால் சொல்லுங்கள், போதும்.

ஓர் உதாரணம். ஒன்றாம் வகுப்புக்குப் பத்துக் கட்டம். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டம் வரைந்து, அதில் ஏழு புள்ளிகள். ஏழு புள்ளிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து முதலில் குரூப் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி அனிமேஷன் உருவாகி அனிமேஷன் பேன் நிரம்பி வழியும். குரூப்புக்கு முதலில் 'அப்பியர்', கிளிக்கில். அதே குரூப்புக்கு 'ஆட் அனிமேஷன்' வழியாக எக்ஸிட் பிரிவில் உள்ள 'டிஸப்பியர்'. அதற்கு 'ஆஃப்டர் ப்ரீவியஸ்', டிலே 2 நொடி. மூன்றாவதாக மறுபடி ஒரு 'அப்பியர்', கிளிக்கில். கட்டம் அப்படியே நிற்க, புள்ளிகள் இரண்டு நொடி வந்து மறையும். 'எத்தனை பார்த்தாய்? எப்படித் தெரிந்தது?' ஒரு பிள்ளை 'மேலே அஞ்சு, கீழே ரெண்டு' என்பான், இன்னொருத்தி 'மூணு கட்டம் காலி, அதனால ஏழு' என்பாள். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ண நேரமில்லாததால்தான் இந்தப் பேச்சே வருகிறது. கரும்பலகையில் வரைந்து இரண்டு நொடியில் அழிக்க யாராலும் முடியாது. திரை எதற்கு என்றால் இதற்குத்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, இரண்டாவது அனிமேஷனை 'ஆன் கிளிக்'கிலேயே விட்டுவிடுவது. ஆசிரியர் அடுத்த கிளிக் செய்யும்வரை புள்ளிகள் நிற்கும். வகுப்பே விரல் விட்டு எண்ணி முடித்துவிடும். மூன்றாவது அனிமேஷனுக்கான கிளிக்கில் அவசரப்படுவது இன்னொன்று. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமும் தரமும் கூடுகிறது என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதிவிட்டார். கையில் கிளிக்கர் இருந்தால் அந்த ஒரு நொடியும் இன்னும் சுருங்கிவிடுகிறது. விரல் துறுதுறுக்கும்.

கடன் வாங்கிக் கழித்தலும் திரைக்கு ஏற்றதே. 52-ல் 27 போக எத்தனை? ஐந்து பத்துக்கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. ஒரு கட்டின் மேல் கிளிக் செய்தால் அது மறைந்து அதே இடத்தில் பத்து உதிரி தோன்றி ஒன்றுகள் பக்கம் நகர வேண்டும். கட்டுப் படத்தையும் பத்துக் குச்சிகளையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டுக்கு 'டிஸப்பியர்', குச்சிகளுக்கு 'வித் ப்ரீவியஸ்' கொடுத்த 'அப்பியர்', பிறகு குச்சிகளை நகர்த்த ஒரு மோஷன் பாத். எல்லாவற்றுக்கும் டிரிக்கராக அந்தக் கட்டையே வையுங்கள். ஆனால் இந்த ஸ்லைடு, பிள்ளைகள் கையில் நிஜக் குச்சியை வைத்துக் கட்டு அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் வர வேண்டும். கை செய்யாததைக் கண் மட்டும் பார்த்தால், 'அஞ்சு நாலாச்சு, ரெண்டு பன்னெண்டாச்சு' என்பது ஒரு மந்திரமாகவே நின்றுவிடும்.

தமிழ் எழுத்துக்கு வருவோம், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'கொ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் மட்டும் சிவப்பாக்கிக் காட்ட ஆசைப்படாத ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இருக்க மாட்டார். டெக்ஸ்ட் பாக்ஸில் அது சரிப்படாது. கணினிக்குக் குறியும் மெய்யும் சேர்ந்து ஒரே எழுத்து. குறியைத் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும், பிள்ளைகள் அதையும் எழுத்தென்று நினைப்பார்கள். செய்ய வேண்டியது இது: எழுத்தைப் பெரிதாக, 200 புள்ளி (பாயிண்ட்) அளவில் அடித்து, அதை முழுதாக மூடும்படி ஒரு செவ்வகம் வரையுங்கள். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'மெர்ஜ் ஷேப்ஸ்', 'ஃபிராக்மென்ட்'. கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனி வடிவங்களாகப் பிரிந்துவிடும். செவ்வகத்தின் மிச்சத்தையும், சுழிக்குள் தனியாக வந்த சின்னத் துண்டுகளையும் அழித்துவிட்டால் விருப்பம்போல் நிறம் மாற்றலாம், கொம்பை முதலிலும் காலைப் பிறகும் வரவைக்கலாம். 'கு', 'கூ' போன்றவற்றுக்கு இது உதவாது, அங்கே குறி மெய்யோடு ஒட்டியே இருக்கிறது. மேலே இன்னொரு நிறத்தில் வரைந்துதான் காட்ட வேண்டும். வடிவமாக்கிய எழுத்துக்கு ஃபாண்ட் தேவையில்லை என்பது கூடுதல் லாபம்.

ஃபாண்ட் சங்கதி தெரிந்ததுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். யூனிகோடில் அடியுங்கள், சேமிக்கும் அமைப்பில் 'எம்பெட் ஃபாண்ட்ஸ்' போடுங்கள்.

எழுத்தளவில் நடக்கும் தவறு, லேப்டாப் திரையில் பார்த்து முடிவெடுப்பது. கணக்கு சுலபம். வழக்கமான ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. ப்ரொஜெக்டர் படம் 120 செ.மீ. உயரம் என்றால் ஒரு புள்ளி சுமார் 2.2 மி.மீ. 36 புள்ளி எழுத்துக்கு 80 மி.மீ. இடம் கிடைக்கும், எழுத்தின் உடல் அதில் ஏறக்குறைய பாதி, 40 மி.மீ. ஏழெட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இது தேறும். அதே ஸ்லைடை 55 அங்குல டிவியில் போட்டால்? டிவியின் உயரம் 68 செ.மீ. சொச்சம்தான். எழுத்தின் உடல் 23 மி.மீ.க்குச் சுருங்கிவிடும். அதே அளவு தெரிய 60 புள்ளிக்கு மேல் வேண்டும். சுழியும் வளைவும் நெருங்கி வரும் 'ண', 'ன', 'ணை' போன்றவைதான் முதலில் மங்கும், பிள்ளைகள் குழம்புவதும் அவற்றில்தான். 60 புள்ளியில் ஒரு ஸ்லைடில் ஐந்தாறு சொல்தான் அடங்கும். அடங்கட்டும், நல்லதுதான்.

திரையில் உள்ளதை அப்படியே வாசிக்கலாமா? கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் போன்றவர்களின் ஆய்வுகள், படமும் குரலும் இருக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் போட்டால் கற்றல் குறைகிறது என்கின்றன. அவை பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பார்வையில் சூழ்நிலையியல் பாடத்துக்கு அந்த விதி அப்படியே பொருந்தும்: நீர்ச் சுழற்சிப் படத்தின் அடியில் பத்தி எழுதி அதை வாசித்தால் பிள்ளை படத்தைப் பார்க்கவே பார்க்காது. வாசிக்கப் பழகும் வகுப்பில் நிலைமை வேறு. அங்கே எழுத்துதான் பாடம். ஒரே ஒரு வாக்கியம், ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு நகர, வகுப்பு சேர்ந்து வாசிக்கட்டும்.

கரும்பலகையைத் துடைத்து மூலையில் வைத்துவிடாதீர்கள். ஸ்லைடு நகர்ந்துவிட்டால் அதில் இருந்தது போய்விடும், பலகையில் எழுதியது பாடம் முடியும்வரை நிற்கும். புதுச் சொற்கள், கணக்கின் படிகள், பிள்ளைகள் சொன்ன பதில்கள் எல்லாம் பலகைக்கு. பேச்சு பிள்ளைகளுக்குள் போகும்போது கீபோர்டில் 'பி' விசையைத் தட்டுங்கள், திரை கருப்பாகும். மறுபடி தட்டினால் அதே இடத்தில் திரும்பும். லிப்ரெஆஃபிஸின் இம்ப்ரெஸ்ஸிலும் கூகுள் ஸ்லைட்ஸிலும் இதே விசைதான். பவர்பாயிண்டில் ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போகலாம்; பிள்ளைகள் பார்க்க இருபது ஸ்லைடைப் பின்னால் ஓட்டத் தேவையில்லை.

பிள்ளைகளே வந்து படங்களை இழுத்து வகைப்படுத்தும் விளையாட்டு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: ஸ்லைடு ஷோ ஓடும்போது படம் நகராது. எடிட் செய்யும் காட்சியிலேயே விட வேண்டும். 'உயிருள்ளவை', 'உயிரற்றவை' என்ற பெட்டிகளையும் தலைப்பையும் ஸ்லைடு மாஸ்டரில் வைத்துவிட்டால் அவை அசையாது, நகர வேண்டிய படங்கள் மட்டும் கைக்கு வரும். ஒரு பிள்ளை இழுக்கும்போது மற்ற முப்பது பேர் வேடிக்கை பார்ப்பதுதான் இதிலுள்ள ஓட்டை. முதலில் எல்லோரும் சிலேட்டில் விடை எழுதிவிடட்டும், பிறகு ஒருவர் வரட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே ஸ்லைடு செய்வது நல்ல பயிற்சி, ஆனால் கணினி முன்னால் நேராக உட்கார வைத்தால் பாடவேளை முழுக்க எழுத்து சுழல்வதிலும் சத்தம் சேர்ப்பதிலும் கரைந்துவிடும். ஒரு தாளை ஆறு கட்டமாக மடித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு படம், ஒரு வாக்கியம் என்று பென்சிலில் எழுதி வரட்டும். அதைப் பார்த்த பிறகே கணினி. டிரான்சிஷன் ஒன்றே ஒன்று என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறாவது கட்டம் 'நன்றி'யாக இல்லாமல் வகுப்புக்கு ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

இப்போது தலைப்பைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு நொடியில் இருபது ஸ்லைடு தந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் அதே மீட்டிங் சாயல்தான், படத்துக்குள் வரும் தமிழ் எழுத்துகளும் பல சமயம் எழுத்தாகவே இருக்காது. அப்படி ஒரு ஃபைல் கைக்கு வந்தால் 'சேவ் ஆஸ்' போட்டு ஒரு நகலில் வெட்டத் தொடங்குங்கள். முதலில் அலங்கார ஜிஃப்களும் சத்தங்களும் போகட்டும். பிறகு தானாக ஸ்லைடு நகரும் 'ஆஃப்டர்' டிக்கை எல்லா ஸ்லைடிலும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பிள்ளை பாதி பதில் சொல்லும்போது திரை ஓடிவிடும். பிறகு பத்திகளை நோட்ஸ் பகுதிக்கு மாற்றுங்கள். அது உங்களுக்கு, திரைக்கு அல்ல. விடை தெரியும் ஸ்லைடுக்கு முன்னால் அதே படத்தின் நகலை விடையில்லாமல் வையுங்கள். இருபதில் ஆறோ ஏழோ மிஞ்சும். ஒரு பாடவேளைக்கு அதுவே சில சமயம் அதிகம்.