குழி எங்கே இருக்கு?

நம்ம குமரி மாவட்டத்தில் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனால் பாயசத்துக்கு அப்புறம் ஒரு சடங்கு உண்டு. வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போய் பாத்ரூமைக் காட்டுவார். சுவரில் தொங்கும் க்ளோசெட், தொட்டால் எரியும் கண்ணாடி, கூரையிலிருந்து கொட்டும் ஷவர், கையை நீட்டினால் தானாக ஊற்றும் குழாய். கருங்கலில் இருந்து களியக்காவிளை வரைக்கும் வளைகுடாவில் உழைத்த காசில் ஒரு பங்கு இந்த ஆறுக்கு எட்டு அறைக்குள்தான் போயிருக்கிறது. குறை சொல்லவில்லை. வெயிலில் வெந்து சம்பாதித்தவர் நிம்மதியாகக் குளிக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் ஒன்று கேட்பேன்: "குழி எங்கே இருக்கு? கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம்?" பாதிப் பேருக்குத் தெரியாது. அதெல்லாம் கொத்தனார் பார்த்துக்கொண்டார் என்பார்கள்.

கழிப்பறை விஷயத்தில் மனிதன் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. நாம் காசைக் கொட்டுவதோ கண்ணுக்குத் தெரிகிறவற்றில். சண்டைக்கு வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரைத் திறந்துவிட்டு அடித்துப் போகச் செய்யும் கழிப்பறையை இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-லேயே எழுதி வைத்துவிட்டார். முதலாம் எலிசபெத் ராணி காலம். ஆனாலும் அது பரவவில்லை. நாற்றம் குழாய் வழியே திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்? அதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய 180 வருடம் ஆனது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் கழிவுக் குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்து காப்புரிமை வாங்கினார். அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அந்தக் கையளவு தண்ணீர்தான் குழியில் இருக்கும் வாயுவுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் நிற்கிறது. வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்து போகிறதே குழாய், அதுவும் இதே வேலைதான். இந்த வளைவைத்தான் டிராப் என்பார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் பூட்டிப் போட்ட வீட்டை இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் பாத்ரூம் நாறும். உடனே பிளம்பரைக் கூப்பிட்டு டைல்ஸை உடைக்கச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் தண்ணீர் போகிற இடத்தில் இருக்கும் டிராப்பில் நின்ற தண்ணீர் வற்றியிருக்கும், வேறொன்றும் இல்லை. ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அதன்மேல் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. அதே மாதிரி, ஒரு இடத்தில் ஃப்ளஷ் செய்தால் இன்னொரு இடத்தில் குடுகுடுவென்று சத்தம் வருகிறதா? காற்றுப்போக்கிக் குழாய் வைக்காமல் விட்டிருப்பார்கள். போகிற தண்ணீர் பக்கத்து டிராப்பின் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. மொட்டை மாடி வரைக்கும் ஒரு பைப்பு ஏற்ற வேண்டிய இடத்தில் மிச்சம் பிடித்துவிட்டு, ரூம் ஃப்ரெஷ்னர் வாங்கித் தொங்கவிடுகிறோம்.

நம்ம நாட்டுக் கண்டுபிடிப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்து ஃப்ளஷ் தொட்டிக்கு ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் வேண்டும். கிராமத்தில் வாளியில் சுமந்து வரும் வீட்டுக்கு அது ஆகுமா? கோப்பையின் சரிவைச் செங்குத்தாக்கி, டிராப்பில் நிற்கும் தண்ணீரை 20 மில்லிமீட்டராகக் குறைத்து, ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் அடித்துப் போகும்படி ஒரு கோப்பையை இங்கே உருவாக்கினார்கள். அரசுத் திட்டக் கழிப்பறைகளில் வரும் 'ரூரல் பேன்' அதுதான். பார்க்க ஒன்றுமே தோன்றாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்சன் 1980-ல் செய்த இரட்டைப் பொத்தான் ஃப்ளஷ்ஷை உலகமே கொண்டாடுகிறது. அதில் பெரிய பொத்தானுக்கு 11 லிட்டர், சின்னதுக்கு 5.5. இன்று 6-க்கும் 3-க்கும் இறங்கிவிட்டது. நல்ல வேலைதான். நம்ம கோப்பை அதற்கும் முன்னாடியே இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டது என்பதையும் யாராவது சொல்ல வேண்டாமா.

இப்போது குழிக்கு வருவோம். 1970-ல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக் (2023-ல் காலமானார்) பரப்பியது இரட்டைக் குழி முறை. கோப்பையிலிருந்து வரும் பைப்பு ஒரு சின்னத் தொட்டியில் இரண்டாகப் பிரியும். ஒரு வழியை ஒரு செங்கல்லால் அடைத்து வைப்பார்கள். ஒரு குழி நிறைய மூன்று வருடம் போல ஆகும். நிறைந்ததும் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் இருப்பது இரண்டு வருடத்தில் மட்கி நாற்றமில்லாத எருவாகிவிடும். யாரும் உள்ளே இறங்க வேண்டாம், பச்சைக் கழிவைத் தொட வேண்டாம். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பைக் கேட்டால் ஜப்பானின் டோட்டோ 1980-ல் கொண்டுவந்த, தானே கழுவிவிடும் வாஷ்லெட்டைச் சொல்ல மாட்டேன். ஒரு செங்கல்லை நகர்த்தி ஒரு மனிதனைக் குழியிலிருந்து வெளியே எடுத்த இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நம்ம ஊருக்கு இதை அப்படியே கொண்டுவர முடியுமா என்றால், அங்கேதான் சிக்கல். இங்கே செப்டிக் டேங்க் என்று சொல்லிக் கட்டுவதில் பலதும் செப்டிக் டேங்கே கிடையாது. நாலு சிமென்ட் வளைய உறையை இறக்கி மேலே ஒரு மூடியைப் போட்டு முடித்துவிடுவார்கள். அடியில் தளம் கிடையாது. நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஐப்பசியில் நிலத்தடி நீர் ஏறும்போது கோப்பையில் ஊற்றின தண்ணீர் இறங்காமல் நிற்பதைக் கடற்கரை ஊர்க்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் குழியில் இருப்பதும் கிணற்றில் இருப்பதும் ஒரே தண்ணீர்.

தண்ணீர் மேலே நிற்கும் இடத்தில் குழியைக் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளித் தோண்டு, அடியை அடைத்துவிடு, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் போடு என்று அரசுக் கையேடுகளே சொல்கின்றன. சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று சென்ட் மனை என்றால் ஏறக்குறைய 1300 சதுர அடி. சதுரமாகவே எடுத்தாலும் ஒரு பக்கம் 36 அடி. 10 மீட்டர் என்பது 33 அடி. வீட்டை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் மதிலை ஒட்டி இருந்தால்? மூன்று சென்ட்டுக்கு வேறு கண்டுபிடிப்பு வேண்டும். நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக, அடியும் சுவரும் ஒழுகாமல் ஒரு தொட்டி கட்டலாம். ஆனால் நம்ம ஆட்கள் மதில் பொதுவாக இருந்தாலே கோர்ட்டுக்குப் போகிறவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனோசைட் கனிமங்களோடு சிர்கானும் இருக்கிறது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலையில் பிரித்தெடுக்கிறார்கள். சிர்கானை மாவாக அரைத்துப் பீங்கான் மேல்பூச்சில் கலந்தால்தான் கோப்பைக்கு அந்தப் பால்வெள்ளை வரும். களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் கனமாகப் படிந்து நிற்கும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு, காயவைத்து, பூச்சு பூசி, 1200 டிகிரி பக்கம் சுடுவார்கள். சுட்டதும் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும், அதனால் அச்சையே பெரிதாகச் செய்ய வேண்டும். வளைந்த டிராப்பும் கோப்பையோடு ஒரே உடம்பாக வருவது இந்த வித்தையால்தான். நாகர்கோவில் கடையில் பாலிதீன் சுற்றி நிற்கும் கோப்பையின் வெள்ளையில் நம்ம கடற்கரை மணல் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. மணல் எடுப்பது பற்றிய சண்டை தனி. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அடுத்து உப்புக்காற்று. குளச்சல் பக்கம் வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னது: "மக்கா, குழாயைப் பளபளப்பு பார்த்து வாங்காதே. கையில தூக்கிப் பாரு." பித்தளை கனக்கும். மலிவான துத்தநாகக் கலவையில் செய்து மேலே குரோமியம் பூசினது லேசாக இருக்கும். கடற்காற்றில் அந்தப் பூச்சு கொப்பளித்து, நகத்தால் கீறினால் செதிலாக வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கும் தாழ்ப்பாளும் துண்டு போடும் கம்பியும் 202 ரகமாக இருந்தால் சீக்கிரமே பழுப்புக் கோடு விடும். உப்பைத் தாங்குவது மாலிப்டினம் சேர்த்த 316 ரகம், விலையும் கூட. காசு இல்லையென்றால் வெள்ளை பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய் போதும். அழகில்லை, துருவும் இல்லை. முட்டத்தில் வீடு கட்டுகிறவருக்குத் தங்கநிறக் குழாயை விற்கிற கடைக்காரரை நான் நம்ப மாட்டேன்.

சுவருக்குள் பதிக்கும் சமாச்சாரங்கள் மீது எனக்குத் தனிக் கடுப்பு உண்டு. எங்கள் வீட்டில் சுவருக்குள் பதித்த டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடுவது) ஒழுக ஆரம்பித்தது. உள்ளே போடும் கார்ட்ரிட்ஜ் கேட்டால், அந்த மாடல் நின்றுபோச்சு, புது செட் வாங்குங்கள் என்று கடையில் கைவிரித்தார்கள். புது செட்டின் உடம்பு வேறு அளவு, அதனால் டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்தால் அதே நிற டைல்ஸ் கிடைக்காது. கடைசியில் சுவரில் ஒட்டுப்போட்டது மாதிரி வேறு நிறத்தில் நாலு டைல்ஸ் நிற்கின்றன. கார்ட்ரிட்ஜுக்குள் இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க, கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் குழாய் அருமையான கண்டுபிடிப்பு, வாஷரே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் அளவு வைத்தால் எதற்கு? எங்கள் அப்பா காலத்துப் பித்தளைக் குழாய்க்குத் தெருமுனைக் கடையில் வாஷர் கிடைத்தது. பல்புக்கு ஹோல்டர் ஒரே அளவு என்று ஆக்க முடிந்தவர்களுக்குக் கார்ட்ரிட்ஜை ஆக்க முடியாதா?

கடைசியாக, பக்கத்து ஊர்ச் சமாச்சாரம். எஞ்சினியரிங் படித்த இளைஞர்கள் திருவனந்தபுரத்தில் ஜென்ரோபோட்டிக்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கி, பாதாளச் சாக்கடைக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் பாண்டிகூட் எந்திரத்தை 2018-ல் இறக்கிக் காட்டினார்கள். மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தும் விஷவாயுவில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிற நாட்டில் இது பெரிய காரியம். ஆனால் பாண்டிகூட் மேன்ஹோலுக்கானது. நம்ம கடற்கரை ஊர்ச் சந்துகளில் மேன்ஹோல் எங்கே? உறைக்குழி நிறைந்தால் உறிஞ்ச வரும் லாரி மெயின் ரோட்டில் நிற்கும், ஹோஸ் வீடு வரைக்கும் எட்டாது. இதே சிக்கல் ஆப்பிரிக்க நகரங்களிலும் உண்டு. டார் எஸ் சலாமில் கல்பர் என்ற கைப்பம்பை வைத்து, ஆள் இறங்காமல் மேலே நின்றே கசடை இறைத்து, சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பி.வி.சி. பைப்பும் இரண்டு வால்வும் தெரிந்தவர்கள் செய்துவிடக்கூடிய பொருள்தான்.

இந்த மாவட்டத்தில் எத்தனை எஞ்சினியரிங் கல்லூரி! வருடா வருடம் ப்ராஜெக்ட் கண்காட்சியில் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. யாராவது ஒரு பேட்ச், நாலடிச் சந்துக்குள் போகிற கசடு வண்டி ஒன்று செய்யுங்கள். பம்பு, ஹோஸ், தொட்டி, அதை இழுக்க ஒரு பழைய ஆட்டோ. கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள், பழையாற்றில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செய்கிறவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.