கோளாறு போர்டில் இல்லை, ஐயா!

"அது வினோத ஹார்டுவேர், அதில் டெஸ்ட் ஃபெயில் ஆகத்தான் செய்யும், விட்டுத்தள்ளு." மூன்று வாரமாக இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

கோப்புகளை இன்னொரு டிஸ்கில் பத்திரப்படுத்தும் சின்ன பேக்கப் புரோகிராம் ஒன்றை டெஸ்ட் செய்கிறேன். என் லேப்டாப்பில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். 32 பிட் ஏஆர்எம் சிப் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் மட்டும் இரண்டு ஃபெயில். முதல் டெஸ்ட், ஒரு கோப்பை எழுதி, உடனே மறுபடி எழுதி, மாற்றிய நேரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும். பத்து தடவை ஓட்டினால் மூன்று தடவை தேறும், ஏழு தடவை ஊற்றிக்கொள்ளும். இரண்டாவது, கோப்புக்கு 2040-ஆம் ஆண்டுத் தேதி போட்டுத் திரும்பப் படிக்கும். அது ஒரு தடவைகூடத் தேறவில்லை.

உடனே ஆளாளுக்குத் தீர்ப்பு. போர்டில் கடிகார பேட்டரி இல்லை, நேரம் தாவுகிறது என்றார் ஒருவர். பேட்டரி இல்லாததென்னவோ உண்மை. ஆனால் நேரத்தைத் திருத்தும் நெட்வொர்க்கைப் பிடுங்கிவிட்டு, நேரம் தாவ வழியே இல்லாமல் ஓட்டியும் அதே ஃபெயில்தான். 32 பிட் என்றாலே விநாடி எண்ணிக்கை 2038-க்கு மேல் போகாது என்றார் இன்னொருவர். போர்டில் ஓடுவது டெபியன் 13 என்ற லினக்ஸ். அதில் 32 பிட் ஏஆர்எம்முக்கும் நேரத்தை 64 பிட்டில்தான் வைக்கிறார்கள். அதைப் பார்க்கக்கூட ஒருவருக்கும் பொறுமையில்லை.

கடைசியில் வந்ததுதான் தாங்க முடியாதது: "நடுவில் ஒரு விநாடி ஸ்லீப் போட்டு டெஸ்ட்டைக் காத்திருக்க வை, சரியாகிவிடும்."

என்ன சரியாகும்? இந்தப் புரோகிராம் நேரத்தையும் அளவையும் பார்த்துத்தான் கோப்பு மாறியதா என்று முடிவு செய்கிறது. காப்பி எடுத்த அதே விநாடிக்குள் ஒருவர் தன் கோப்பில் 0-ஐ 1 என்று மாற்றினால் நேரமும் அதே, அளவும் அதே. மாறவில்லை என்று முடிவு கட்டித் தாண்டிப் போய்விடும். டிஸ்க் செத்த நாளில் அவர் கைக்கு வருவது பழைய கோப்பு. டெஸ்ட் கத்திச் சொன்னது இதைத்தான். அதன் வாயைப் பொத்தச் சொல்கிறார்கள்!

விடை லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாகிலேயே கிடந்தது. கார்டின் பார்ட்டிஷன் (டிஸ்க் பகுதி) மவுண்ட் ஆகும்போதெல்லாம், அதாவது இணையும்போதெல்லாம், ஒரு வரி: இந்த எக்ஸ்ட்4 (லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஃபைல் சிஸ்டம் 2038 வரைதான் நேரத்தைத் தாங்கும். எக்ஸ்ட்4-இல் விநாடிக்குக் கீழான நானோ விநாடிகளும், ஆண்டை 2446 வரை நீட்டும் இரண்டு பிட்டும், ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பான ஐநோடின் முதல் 128 பைட்டுக்கு அப்பால் இருக்கும் கூடுதல் இடத்தில்தான் உட்காரும். பெரிய பார்ட்டிஷன்களில் ஐநோடு 256 பைட், அதனால் இடம் உண்டு. ஆனால் 512 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனுக்கு ஃபார்மேட் செய்யும் பழைய எம்கேஎஃப்எஸ் புரோகிராம் தானாகவே 128 பைட் வைத்துவிடும். 2021-இல்தான் அதை மாற்றினார்கள். எங்கள் எஸ்டி கார்டில் இருந்ததோ அதற்கு முன்பே போட்ட 256 எம்பி பார்ட்டிஷன்.

அவ்வளவுதான், இரண்டு டெஸ்ட்டுக்கும் ஒரே காரணம். அங்கே நேரம் முழு விநாடியாகத்தான் பதியும். மெதுவான போர்டு என்பதால் இரண்டு முறை எழுதுவதற்கும் நடுவே சுமார் 0.3 விநாடி ஓடுகிறது; விநாடி எல்லை நடுவில் விழுந்தால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில். பத்துக்கு மூன்று வந்தது அப்படித்தான். 2040-ஐக் கொடுத்தால் கெர்னல் அதை 2038 ஜனவரி 19-க்கு, நம் நேரப்படி காலை 8:44:07-க்கு, இழுத்து நிறுத்திவிடுகிறது.

அதே போர்டில் 256 பைட் ஐநோடு வைத்து ஃபார்மேட் செய்தேன்; இரண்டும் பாஸ். லேப்டாப்பில் 128 பைட் வைத்து ஒரு குட்டி பார்ட்டிஷன் செய்தேன், இரண்டும் ஃபெயில். ஹார்டுவேருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! அந்தப் பாவப்பட்ட போர்டு, யாருமே தேடாத ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது.

திருத்தமும் புதிதல்ல. நேரம் சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் கோப்பின் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை, புரோகிராம் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git), எத்தனையோ வருடங்களாகச் செய்கிறது. நானும் அதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். லேப்டாப்பிலேயே 128 பைட் பார்ட்டிஷனை உருவாக்கி ஓட்டும் டெஸ்ட்டையும் சேர்த்திருக்கிறேன். வந்த முதல் பதில்: "முதலில் அந்த போர்டில் இந்த டெஸ்ட்டை ஸ்கிப் செய்துவிடலாமே?"

முடியாது. ஸ்கிப் செய்ய மாட்டேன்.