ரசீது மாலை போட்ட அண்ணனுக்கு

நேற்று நம்ம வார்டில் வீட்டு வரி உயர்வை எதிர்த்து அதிமுக நடத்திய ஆர்ப்பாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றுகிறது. வீட்டு வரி ரசீதுகளை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அண்ணன் மைக்கில் கண்கலங்குகிறார். அதன் கீழே நான் போட்டது ஒரே வரி: "அண்ணே, 2018இல் எங்கே இருந்தீங்க?" ராத்திரிக்குள் என்னை இருநூறு ரூபாய் உபி, அதாவது காசுக்கு எழுதும் திமுக உடன்பிறப்பு ஆக்கிவிட்டார்கள்.

கேட்டதில் என்ன தப்பு? 2018 ஜூலையில் குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை வரியை ஏற்றியது அண்ணனுடைய அதிமுக. அன்றைக்கு அடித்தட்டு மக்களுக்காகத் தெருவில் இறங்கியது திமுக. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு காட்சி மாறியது, ஆட்சிக்கு வந்தது திமுக. 2022 பிப்ரவரி 19 நகர்ப்புறத் தேர்தல், ஏப்ரல் 1 வரி உயர்வு அறிவிப்பு. நாற்பத்தொரு நாள்! எனக்கு நகக்கண்ணில் மை அப்படியே இருந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை போனது. 2024இல் மேலும் 6 சதவீதம். ஏற்றியதும் நீங்கள்தான், எதிர்த்ததும் நீங்கள்தான். நாற்காலிதான் மாறுகிறது.

"மத்திய அரசு நிபந்தனை, மாநிலம் என்ன செய்யும்?" என்று திமுக நண்பர்கள் வருவார்கள். வாங்க. உள்ளாட்சிகளுக்கு 15ஆவது நிதிக்குழு மூலம் மத்திய அரசு தரும் மானியத்துக்கு, சொத்து வரியைத் திருத்த வேண்டும் என்று நிபந்தனை இருந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒரே மூச்சில் இவ்வளவு ஏற்று என்று அது சொல்லவில்லையே? சென்னையில் 1998க்குப் பிறகு 2018 வரை யாரும் வரியைத் தொடவில்லை. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்ட இருபது வருஷம். வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. ஓட்டுப் பயம்.

"அப்போ வரியே வேண்டாமா?" என்பவருக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. சாக்கடை எப்படி ஓடுகிறது என்று எனக்கும் தெரியும்.

எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன். அரையாண்டு பிறந்த முதல் வாரமே போய் வரிசையில் நிற்கிற ஆள். 2018இல் ஏற்றியதையும் முணுமுணுக்காமல் கட்டினார். கட்டாமல் இழுத்தடித்த பக்கத்து வீட்டுக்காரர் 2019இல் சிரித்தார். அப்பாவுக்கு "கூடுதலாகக் கட்டியது அடுத்தடுத்த அரையாண்டில் கழியும்" என்றார்கள். கழிந்ததா என்று பார்க்க மூன்று முறை அலைந்தார். மூன்றாவது முறை கவுண்டரில் இருந்தவர் நிமிராமலே, "கம்ப்யூட்டர்ல இருக்கும் பெரியவரே" என்றார். அவ்வளவுதான் கிடைத்த விளக்கம். வீட்டுக்கு வந்து ரசீதை எல்லாம் நான்காக மடித்து மஞ்சப்பையில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு வரி கட்ட என்னைத்தான் அனுப்புவார்.

அந்தக் கவுண்டருக்கு எதிராக எந்தக் கட்சியாவது மனிதச் சங்கிலி போட்டதா? அளவு தப்பு, மாடிப்படிக்கு மேல் போட்ட தகரத்துக்கும் வரி என்று மனு கொடுத்தவனுக்கு எத்தனை நாளில் பதில் என்று எந்தக் கவுன்சிலராவது கேட்டாரா? சதவீதத்தைக் கத்துவது சுலபம் அண்ணே.

"சொந்த வீடு வச்சிருக்கிற உனக்கு என்ன வலி?" இதுதான் நேற்று அதிகம் விருப்பம் வாங்கிய கமெண்ட். பென்ஷன் இல்லாத மனுஷன் சீட்டுப் போட்டுக் கட்டின வீடு தம்பி. வாடகைக்கு இருப்பவர் மட்டும் தப்பித்தாரா? "வரி ஏறிடுச்சு" என்று வாடகையில் ஐந்நூறு ஏறும். வரி நின்றபோது எந்த வீட்டுக்காரர் ஐந்நூறு குறைத்தார்?

2022இல் இதையேதான் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அப்போது திமுக நண்பர்கள் என்னை அதிமுக "அடிமை" என்றார்கள். இப்போது அதிமுக பக்கம் இருநூறு ரூபாய் என்கிறது. பத்து வருஷப் பழக்கம், ஒருவர் கூட போன் போட்டு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. கமெண்டில் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் இரண்டு பையன்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மாலைக்கு ரசீது பத்தவில்லையாம், பழசு இருந்தாலும் பரவாயில்லையாம். அப்பா கட்டிலில் இருந்தபடியே பரணைப் பார்த்தார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.