தப்பு ஐரிஷ் எழுத்தில் இல்லை, பழியை மட்டும் ஏன் அதன் தலையில் போடுகிறீர்கள்?

எனக்கு நிஜமாகவே பொறுமை போய்விட்டது. டப்ளினில் நேற்று வந்து இறங்கிய நம்மாட்களில் தொடங்கி இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வரைக்கும், ஊர்ப்பலகையைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "எழுதுறது ஒண்ணு, வாசிக்கிறது ஒண்ணு, இந்த ஐரிஷ் மொழிக்கு ஒரு ஒழுங்கே கிடையாது." ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் போனில் ஊர்ப்பெயர்களைத் தேடித் தேடி, யோகல், டல்லாக்ட், ட்ரோகெடா என்று எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். சுற்றி இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். யால், டாலா, டிராஹடா என்று யாராவது திருத்தினால் இன்னும் பெரிய சிரிப்பு. பார்த்தீர்களா, பாதி எழுத்து சும்மா நிற்கிறது, என்ன மொழி இது என்று.

அந்த மூன்று எழுத்துக்கூட்டலும் ஐரிஷே கிடையாது. மூன்றும் ஆங்கிலக் கூட்டல். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

யால் ஊரின் ஐரிஷ் பெயரை விதிப்படி வாசித்தால் 'ஓஃகல்' என்று வரும். 'யூ' என்கிற மரங்கள் அடர்ந்த காடு என்று பொருள். டாலாவின் ஐரிஷ் பெயர் 'தௌலஃக்த்', கொள்ளைநோயில் செத்தவர்களைப் புதைத்த இடம். கடைசி எழுத்து வரைக்கும் ஐரிஷில் ஒலிக்கும், ஒன்றையும் விழுங்க மாட்டார்கள். டிராஹடா என்பது 'த்ரொஹத் ஆஹா', ஆற்றுத்துறைப் பாலம். தொண்டையிலிருந்து வரும் ஒலியைக் காட்டுவதற்காக அந்தக் காலத்து எழுத்தர்கள் ஜி, எச் என்று இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டுவைத்தார்கள். ஆங்கிலம் பேசியவர்கள் வாயில் அந்த ஒலி தேய்ந்து காணாமலே போனது, எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. ஆக, சும்மா நிற்கிற எழுத்தை வைத்தது ஆங்கிலம், அதை விழுங்கினதும் ஆங்கிலம், ஆனால் திட்டு வாங்குவது ஐரிஷ். இது என்ன நியாயம்?

இது எப்படி நடந்தது என்பது ஒன்றும் மர்மம் இல்லை. பல நூற்றாண்டுகளாக வரிக் கணக்கிலும் நிலப் பத்திரத்திலும் ஐரிஷ் தெரியாத எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதிவைத்தார்கள். அப்புறம் 1824இல் பிரிட்டிஷ் அரசு நிலவரியைச் சரியாகப் பிரிப்பதற்காக அயர்லாந்து முழுவதையும் அளக்க ஆரம்பித்தது. ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற கணக்கில் மொத்தத் தீவுக்கும் வரைபடம், 1846 வாக்கில் எல்லாம் அச்சாகிவிட்டது. 60,000க்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரே ஒரு கூட்டல்தான் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு 1830இல் வந்தவர் ஜான் ஓ'டொனவன், கில்கென்னிப் பக்கத்துக்காரர், ஐரிஷ் நன்றாகத் தெரிந்தவர். ஊர் ஊராகப் போய், அங்கே ஐரிஷ் பேசுகிறவர்களிடம் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, மூல ஐரிஷ் வடிவத்தையும் பொருளையும் குறித்துக்கொண்டு, கடைசியில் வரைபடத்துக்கு ஓர் ஆங்கிலக் கூட்டலைப் பரிந்துரைத்தார். அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் எழுதிவைத்திராவிட்டால் எத்தனையோ பெயர்களின் மூலமே இன்று தெரிந்திருக்காது. ஆனால் அவர் அக்கறையாகக் குறித்த ஐரிஷ் வடிவம் குறிப்பேட்டுக்குள் தங்கிவிட்டது, ஆங்கிலக் கூட்டல்தான் வரைபடத்தில் ஏறியது. வரைபடத்தில் ஏறியதே பத்திரம், தபால், ரயில் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் போனது. (இதே அளவையைப் பார்த்துப் படிக்கத்தான் இந்தியாவை அளந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்து வந்தார், இதன் தலைவர் கோல்பி உருவாக்கிய அளவுகோல்களோடுதான் இந்தியாவுக்குத் திரும்பினார். நம் ஊர்களை அளந்த கையும் இந்தக் கையும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை.)

சரி, உண்மையான ஐரிஷ் எழுத்துக்கு வருவோம். அதற்கு ஒழுங்கே இல்லையாம். ஆங்கிலத்தைவிட நூறு மடங்கு ஒழுங்கு இருக்கிறது! மரபான எழுத்துகள் 18தான், ஆனால் மொழியில் ஒலிகள் அதைவிட மிக அதிகம். ஏறக்குறைய ஒவ்வொரு மெய்க்கும் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரட்டை வடிவம் உண்டு. எந்த வடிவம் என்று காட்டுவது பக்கத்தில் நிற்கும் உயிரெழுத்துதான். அதனால்தான் அத்தனை உயிரெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒலிப்பதற்கு வந்தவை அல்ல, பாதிப் பேர் பக்கத்து மெய்யை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கை காட்ட நிற்பவர்கள். எஸ் எழுத்தின் பக்கத்தில் ஐ அல்லது ஈ நின்றால் அது 'ஷ' ஆகும். பி-யோடு எச் சேர்ந்தாலும் எம்-மோடு எச் சேர்ந்தாலும் 'வ' பக்கம் போகும். டி-யோடு எச் சேர்ந்தால் வெறும் 'ஹ'. எஃப்-போடு எச் சேர்ந்தால் ஒலியே கிடையாது. இந்த எச் கூட முன்பு இப்படி இல்லை. பழைய ஐரிஷ் எழுத்துருவில் மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டில் ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது அந்தப் புள்ளி போய் அதன் இடத்தில் எச் வந்து உட்கார்ந்தது. மெய்யின் தலையில் புள்ளி வைக்கிற நமக்கா இது புரியாது?

டன் லீரியை எடுத்துக்கொள்ளுங்கள். டப்ளினுக்குத் தெற்கே கடலோரம் இருக்கிறது, நம்மவர்கள் வார இறுதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி கடற்பாலத்தில் நடக்கப் போகிற ஊர். இரண்டாவது சொல்லில் ஒன்பது எழுத்துகள். எல், அப்புறம் ஏ-ஓ. ஐரிஷில் ஏ-ஓ சேர்ந்து வந்தால் வடக்கிலும் மேற்கிலும் 'ஈ', தெற்கில் 'ஏ'. அடுத்து ஜி-எச், சொல்லின் நடுவில் வந்தால் பெரும்பாலும் மௌனம். அப்புறம் ஏ-ஐ, இதில் ஐ நிற்பது அடுத்து வரும் ஆர்-ஐ மெல்லியதாக்க. கடைசியில் குறுகிய ஒரு முனகல். கூட்டிப் பாருங்கள்: லீரெ. ஒரு விதிகூட மீறப்படவில்லை. ஐந்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவனின் பெயர், அவன் கோட்டை என்பதுதான் ஊரின் பெயர். இதே விதியில் எஸ் வைத்து முடித்தால் லீஷ், அதுதான் போர்ட்லீஷ் என்ற ஊர்ப்பெயரில் இருக்கும் லீஷ். இரண்டு நிமிஷ வேலை, ஒரு தடவை தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் போதும்.

என் போனில் இருக்கிற வழிகாட்டிச் செயலிக்கு மட்டும் இந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவே இல்லை. தினமும் 'டுன் லாகோஹேர்' என்கிறது. எத்தனையோ நாட்டு மொழிகளில் பேசுகிறோம் என்று விளம்பரம் செய்கிற நிறுவனம், டப்ளின் பக்கத்தில் பெரிய ஊர்களில் ஒன்றின் பெயரைச் சொல்ல ஒரு வரி திருத்தவில்லை. மேற்கே கானமாராவுக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஊர்ப்பலகை ஐரிஷில் மட்டும்தான் இருக்கும். மழை அடித்துக்கொண்டு, வைப்பர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டு இருக்கும்போது, செயலி 'கேரரோ பக்கம் திரும்பு' என்கிறது. திரையிலும் அந்த ஆங்கிலக் கூட்டல்தான். முச்சந்திப் பலகையில் நிற்பதோ 'அன் ஹ்யாஹ்ரூ ரூவ', செந்நிறக் கால்பங்கு நிலம் என்ற அதன் சொந்தப் பெயர். இரண்டும் ஒரே ஊர் என்று தெரியாதவன் நேராகப் போய்க்கொண்டே இருப்பான். போகிறவர்கள் திரும்பி வந்து என்ன சொல்கிறார்கள்? பலகையை ஆங்கிலத்தில் வைக்கலாமே, சுற்றுலாப் பயணிகளுக்குக் கஷ்டம் என்கிறார்கள்! அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் தங்கள் ஊருக்குப் பலகை வைத்ததா குற்றம்? கையில் இருக்கிற செயலியைத் திட்ட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

பெயரைக் கெடுத்தது எழுத்துக்கூட்டலோடு நிற்கவும் இல்லை. 1821இல் நான்காம் ஜார்ஜ் வந்து போனதற்காக டன் லீரியைக் கிங்ஸ்டவுன் ஆக்கினார்கள், நூறு வருஷம் கழித்து, 1920இல்தான் பழைய பெயர் திரும்பியது. 1849இல் விக்டோரியா வந்ததற்காகத் தெற்கே கார்க் துறைமுக ஊர் குவீன்ஸ்டவுன் ஆனது, அதுவும் 1920இல்தான் கோவ் என்று மாறியது. போர்ட்லீஷ் 1929 வரைக்கும் மேரிபரோ. இதில் கோவ் தனிக் கதை. அந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் கேலி, கடைசியில் பி-எச் போட்டு வ என்று படிக்கிறார்களாம். அது ஐரிஷ் சொல்லே இல்லை. சிறு விரிகுடாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஐரிஷ் விதிப்படி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைக்கூடத் தன் விதியை விடாமல் எழுதுகிற மொழியைப் பார்த்தா ஒழுங்கில்லை என்கிறீர்கள்?

இன்னொன்று என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவது. ஆங்கிலக் கூட்டல் இரண்டு வேறு சொற்களை ஒன்றாக்கி மூடிவிடுகிறது. 'கில்' என்று தொடங்கினால் தேவாலயம் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். கில்டேருக்கு அது சரிதான், ஓக் மரத்துத் தேவாலயம். ஆனால் மேயோவில் இருக்கும் கில்டிமாவில் தேவாலயம் கிடையாது, அது காடு. ஐரிஷில் இரண்டும் வேறு வேறு சொல், வேறு எழுத்து, வேறு ஒலி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே கே-ஐ-எல். அதே மாதிரிதான் 'பாலி'. பாலிமீனாவில் அது ஊர், பாலினாவில் அது ஆற்றுத்துறையின் வாய். ஐரிஷ் வடிவத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிகிற விஷயம், ஆங்கில வடிவத்தில் புதைந்தே போய்விட்டது. எந்த ஊரில் காடு இருந்தது, எங்கே ஆற்றை இறங்கிக் கடந்தார்கள் என்கிற தகவல் அத்தனையும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எஞ்சின ஓட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

அரசும் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்று சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலைப் பலகையில் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் நிமிர்ந்து நிற்கிறது, ஐரிஷ் பெயர் மெலிந்த சாய்வெழுத்தில் ஓரம் கட்டப்பட்ட மாதிரி இருக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் எது கண்ணில் படும்? டிங்கிள் விஷயத்தில் எதிர்ப்பக்கம் சொதப்பினார்கள். 2005இல் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்காமல் 'அன் தைங்யன்' மட்டும்தான் சட்டப்படி பெயர் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷமே ஊர் வாக்கெடுப்பு வைத்து, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் டிங்கிளும் முழு ஐரிஷ் பெயரும் சேர்ந்தே வேண்டும் என்றார்கள். 2011இல்தான் சட்டம் இறங்கி வந்தது. அந்த மக்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, பெயர் அவர்களுடையது. ஆனால் அந்த ஒரு சண்டையைக் காட்டியே இன்றுவரைக்கும் 'பாருங்கள், ஐரிஷ்காரர்களுக்கே ஐரிஷ் பெயர் வேண்டாம்' என்று சொல்கிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரிஷ் பேசத் தெரியும் என்று பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான், அதுவும் தெரியும். குறைவு என்பதற்காகக் கேலி செய்யலாமா?

அதிலும் நாம் செய்யலாமா? தூத்துக்குடியை டூட்டிகோரின் என்று எழுதியதற்கு இன்னும் கொதிக்கிறவர்கள் நாம். 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கிலக் கூட்டலை மாற்றத் தமிழக அரசு ஆணை போட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றபோது எவ்வளவு பேசினோம். நம் ழகரத்தை வெள்ளைக்காரன் வாசிக்கத் தெரியாமல் சிரித்தால் சும்மா விடுவோமா? உண்மையில் இந்த ஊர்ப்பெயர்களைச் சொல்ல நம் நாக்கு ஆங்கில நாக்கைவிடத் தயாராக இருக்கிறது. டோனகாலின் ஐரிஷ் பெயர் 'தூன் ந ஙௌல்', அந்நியர் கோட்டை. அந்தத் 'தூ' நம் தகரம்தான். நடுவில் வருவது அச்சு அசல் ஙகரம். ஆங்கிலேயர்கள் சொல்லின் தொடக்கத்தில் ங வைத்துச் சொல்ல முடியாமல் திணறுகிறார்கள், நாமோ ஒன்றாம் வகுப்பிலேயே ங ஙா என்று பாடியவர்கள்.

உச்சரிப்பு எங்கே கிடைக்கும் என்று தெரியாது என்கிற சாக்கும் செல்லாது. அயர்லாந்தின் ஊர்ப்பெயர்ப் பிரிவும் டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து லோகனிம் என்ற தளத்தை 2008இலேயே திறந்துவிட்டன. எந்த ஊரைத் தட்டினாலும் ஐரிஷ் வடிவம் வருகிறது, எத்தனையோ பெயர்களுக்கு எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதினார்கள் என்ற வரலாறும் ஒலிப்பதிவும் இருக்கிறது. இலவசம். வீட்டில் உட்கார்ந்து நான் கேட்க முடிகிறது, கோடிக்கணக்கில் சம்பாதிக்கிற செயலி நிறுவனத்தால் முடியாதா?

அவர்களுக்கு எழுதினேன். எந்தப் பெயர், எப்படிச் சொல்கிறது, எப்படிச் சொல்ல வேண்டும், ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. முடித்துவைத்தவர்கள் திருத்தவில்லை, இன்று காலையும் லாகோஹேர்தான். மறுபடி எழுதியிருக்கிறேன். அயர்லாந்தில் இருக்கிறவர்கள் நீங்களும் எழுதுங்கள், செயலியில் பிழை தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது, உங்கள் ஊரின் பெயர் ஒன்றையாவது போட்டு அனுப்புங்கள். ஒருத்தர் கேட்டால்தானே முடித்துவைக்கிறார்கள், ஆயிரம் பேர் கேட்கட்டும்.