நான் எழுதியதை ஏன் மாற்றுகிறாய்?

3/4 என்று எழுதினேன். அன்றைக்கு எடுத்த நாலு வேலையில் மூன்று முடிந்தது என்று அர்த்தம். விரிதாள் (எக்செல் மாதிரிக் கணக்குத் தாள்) அதை மார்ச் 4 ஆக்கி வைத்திருக்கிறது. யார் கேட்டார்கள்?

என் நாள் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்காக நானே செய்த சின்னக் கருவி அது. போனில் ஒரு படிவம், அதிலிருந்து ஒரு விரிதாள், மாதக் கடைசியில் ஒரு கூட்டல். அவ்வளவுதான். மாதக் கடைசியில் திறந்து பார்த்தால் பத்தி முழுக்கத் தேதிகள். சரி, எண்ணாக மாற்றலாம் என்றால் 45720 என்று காட்டுகிறது. 1900-லிருந்து எண்ணிய நாள் கணக்காம்! எதையும் முடிக்காத நாட்களின் 0/4 மட்டும் அப்படியே நின்றது, பூஜ்யத்தில் மாதம் இல்லை என்பதால். உழைத்த நாளையெல்லாம் சிதைத்துவிட்டு, உழைக்காத நாளை மட்டும் பத்திரமாகக் காட்டினால் வயிறு எரியுமா எரியாதா?

மாதத்தைத் தனியே, நாளைத் தனியே பிரித்தெடுத்து ஒவ்வொன்றாக மீட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போனது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. மரபணு ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் இதே அவதிப்பட்டார்கள். மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை விரிதாள்கள் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தன. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் வெளியிட்ட விதிமுறையில் பெயர்களையே மாற்றிவிட்டது. செப்ட்1 இப்போது செப்டின்1. மென்பொருளுக்காக மனித உடம்பில் இருப்பதன் பெயரை மாற்ற வேண்டுமா? மாற வேண்டியது எது?

அப்புறம் நேரக் கணக்கு. ஒரு வாரம் விழுந்து விழுந்து வேலை பார்த்திருக்கிறேன், கூட்டினால் 7:40 என்கிறது. ஒரு நாளைக்கே அவ்வளவு ஆகுமே என்று விரல்விட்டு எண்ணினால் 31 மணி 40 நிமிடம். இருபத்துநாலைத் தாண்டியதும் அது பாட்டுக்கு ஒரு நாளை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் காட்டியிருக்கிறது. கட்டத்தின் வடிவமைப்பில் மணிக்கான h எழுத்தைச் சதுர அடைப்புக்குள், [h] என்று போட்டால் சரியாக வருமாம். அது யாருக்குத் தெரியும்? பிழை என்று சிவப்பாக ஒரு வரி காட்டியிருந்தால் நான் கோபப்பட்டிருக்கவே மாட்டேன். தப்பான எண்ணைச் சரியான எண் மாதிரி காட்டியதுதான் ஆத்திரம். அதை நம்பி, இந்த வாரம் வீணாகிவிட்டது என்று ஒரு ராத்திரி மனசு ஒடிந்து உட்கார்ந்திருந்தேன்.

போன் மட்டும் யோக்கியமா? நானே எழுதிய டைமர் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும். திரையை அணைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் வேலை செய்து திரும்பினால் 11 நிமிடத்தில் நின்றிருக்கும். பேட்டரியைக் காப்பாற்றினேன் என்று போன் அதை நிறுத்திவிட்டது. கருவி செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: நொடிகளை எண்ணாதீர்கள். தொடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள், முடிக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள். நடுவில் போனே அணைந்தாலும் கணக்கு தப்பாது. ஐபோனிலோ, இலவச டெவலப்பர் கணக்கில் நாமே எழுதி ஏற்றிய செயலி ஏழே நாளில் காலாவதி. என் போன், என் செயலி, வாராவாரம் புதுப்பிக்க வேண்டும்!

"ரெடிமேடாக ஆயிரம் ஆப் இருக்கே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பவர்களே, அதிலும் ஒன்றில் இரண்டு வருடம் எழுதினேன். என் பதிவுகளை வெளியே எடுக்கச் சந்தா கட்டச் சொன்னது. என் நேரத்தை உட்கார்ந்து தட்டச்சு செய்தது நான். அதை எனக்கே விற்பதா?

அதனால் இப்போது வெறும் உரைக் கோப்பு. நாளுக்கு ஒரு வரி, வருடம் முதலில், மாதம், நாள். 3/4 கிடையாது, "நாலில் மூன்று" என்று எழுத்தாலேயே எழுதுகிறேன். நேற்று வரைபடம் போட அந்தக் கோப்பை விரிதாளில் திறந்தேன். வருடம் முதலில் வருகிற மாதிரி நான் பார்த்துப் பார்த்து எழுதிய தேதிகள் அத்தனையும், திறந்த நொடியிலேயே, அதற்குப் பிடித்த வரிசைக்கு மாறி நிற்கின்றன. ஒரு வார்த்தை கேட்கவில்லை.